தீர்க்கதரிசிகளிடமிருந்து தினம் ஓர் ஆறுதல்: வசன அட்டையா, தியான நூலா, முழுப் புத்தகமா?

வியாழக்கிழமை இரவு வேதபாடம் முடிந்து பாயைச் சுருட்டும்போதுதான் உண்மையான கேள்விகள் வரும். போன மாதம் அப்படி மூன்று பேர் கேட்டார்கள்.

துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிற தம்பி ஒருவர்: "அக்கா, எண்ணூர் ரோட்ல மணிக்கணக்கா வண்டி நிக்குது. சரி, ஏசாயா படிப்போம்னு திறந்தா மோவாபின் பாரம், தமஸ்குவின் பாரம்னு ஒவ்வொரு ஊருக்கும் தண்டனைச் செய்தியா வருது. நான் ஏத்திட்டுப் போற பாரம் போதாதா?"

கொருக்குப்பேட்டையில் இருக்கும் ஒரு தங்கை. இரண்டு பிள்ளைகள், காலையில் வேலைக்கும் போக வேண்டும். "வாட்ஸ்அப்ல தினமும் ஒரு வசனம் வருதே அக்கா, அது போதாதா?"

மூன்றாமவர் ராயபுரத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற டீச்சர், கத்தோலிக்கர். பக்கத்து வீட்டம்மாவோடு எங்கள் கூட்டத்துக்கு வந்து உட்காருவார். "எங்களுக்குப் பூசையிலேயே இறைவாக்கினர் வாசகம் வருதேம்மா, தனியா வேற படிக்கணுமா?"

மூவருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. தீர்க்கதரிசிகளைப் படிக்க எனக்குத் தெரிந்து ஐந்து வழிகள், ஐந்தையும் நானே பல வருடம் மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறேன். சிலவற்றைப் பாதியில் விட்டும் இருக்கிறேன். ஒரு சின்ன விளக்கம்: கடவுளின் செய்தியை ஜனங்களிடம் சொல்ல வந்தவரை நாங்கள் தீர்க்கதரிசி என்போம், டீச்சர் இறைவாக்கினர் என்பார். எங்களுக்கு ஏசாயாவும் ஆபகூக்கும், அவருக்கு எசாயாவும் அபக்கூக்கும். ஆட்கள் அதே ஆட்கள்தான்.

## எதை வைத்து எடைபோடுவது

ஐந்து விஷயங்களைப் பார்த்தேன். நாளுக்கு எவ்வளவு நேரம் கேட்கிறது. யாருக்கு, எந்த நிலைமையில் சொன்ன வார்த்தை என்பது கூடவே வருகிறதா. கண்டிப்பும் வருகிறதா, இல்லை இனிப்பு மட்டுமா (தீர்க்கதரிசிகள் பாதி நேரம் திட்டுகிறவர்கள், அதை விட்டுவிட்டால் அவர்கள் வேறு யாரோ ஆகிவிடுகிறார்கள்). கண்ணுக்குத் தெரியாத செலவு என்ன. கடைசியாக, மோசமான ஒரு நாளில் அது தாங்குமா. என் கணக்கில் இந்தக் கடைசிக்குத்தான் அதிக மதிப்பெண். நல்ல நாளில் எந்த வசனமும் நன்றாகத்தான் இருக்கும்.

| வழி | நேரம் | சூழல் தெரியுமா | கண்டிப்பு | மோசமான நாளில் | மறைமுகச் செலவு |
|---|---|---|---|---|---|
| நாளொரு வசனம் | 1 நிமிடம் | தெரியாது | இல்லை | சட்டென்று பிடிக்கும், நீண்ட நாள் தாங்காது | வாக்கு பொய்த்ததாக வரும் ஏமாற்றம் |
| தியான நூல் | 10 நிமிடம் | கொஞ்சம் | எழுதுகிறவரைப் பொறுத்து | பரவாயில்லை | அடுத்தவர் கண்ணாலேயே பார்க்கும் பழக்கம் |
| ஆலய வாசக அட்டவணை | 10–15 நிமிடம் | ஓரளவு | உண்டு | நன்று | துண்டு துண்டாக வரும் |
| ஓராண்டுத் திட்டம் | 20–30 நிமிடம் | முழுதாக | நிறைய | பெரும்பாலும் அன்றுதான் நின்றுபோகும் | பாக்கி சேரும் குற்ற உணர்ச்சி |
| ஒரே சிறு புத்தகம் | 10–15 நிமிடம் | முழுதாக | உண்டு | நன்றாகத் தாங்கும் | முதல் வாரம் ஆறுதலே கிடைக்காது |

## நாளொரு வசனம்

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் தட்டில் வைத்து நீட்டுவார்களே, வாக்குத்தத்த அட்டை, அதில் தொடங்கிய பழக்கம் இது. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்போம், உடனே பக்கத்தில் இருப்பவருடையதை எட்டிப் பார்ப்போம். வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய அந்த அட்டைகள் கிடக்கின்றன. "எழும்பிப் பிரகாசி" மட்டும் மூன்று முறை வந்திருக்கிறது. ஒருமுறை அதே வாரம் மின்கட்டணம் கட்டாமல் ஃபியூஸைப் பிடுங்கிப் போனார்கள், அது வேறு கதை.

இதைக் கேலி செய்ய எனக்கு மனதில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து ஒரு அதிகாரம் படிக்கும் தெம்பு எனக்கு இல்லை. "நீ பயப்படாதே, நான் உன்னுடனே இருக்கிறேன்" என்ற ஏசாயா 41:10-ஐ வைத்துக்கொண்டே நான்கு இரவுகளை ஓட்டினேன். துக்க வீடு, ஆபரேஷன் தியேட்டர் வாசல், இப்போதுதான் விசுவாசத்துக்கு வந்த ஒருவர், எழுத்துக்கூட்டிப் படிக்கிற பாட்டி: இங்கெல்லாம் ஒரு வசனமே சரி.

சிக்கல் அதன் பிறகு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வியாசர்பாடியில் என் தங்கை வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. கட்டிலைச் செங்கல் வைத்து உயர்த்தி அதன் மேல் பிள்ளைகளை உட்கார வைத்திருந்தாள். கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் கடைசிக் கோட்டில். அந்த நேரத்தில் ஏழெட்டுப் பேர் ஒரே வசனத்தைப் பூப்படத்தோடு அனுப்புகிறார்கள்: "நீ தண்ணீர்களைக் கடக்கும்போது நான் உன்னோடு இருப்பேன், நீ ஆறுகளைக் கடக்கும்போது அவைகள் உன்மேல் புரளுவதில்லை." அவள் கேட்டாள்: "புரளாதுன்னு போட்டிருக்கு, இங்க கட்டில் காலைத் தாண்டிப் புரளுதே, எனக்கு விசுவாசம் இல்லையா?"

அந்தக் கேள்விதான் இந்த வழியின் மறைமுகச் செலவு. வாக்கு நிறைவேறாததுபோல் தெரியும்போது மனம் அனுப்பினவரைக் குறை சொல்லாது, தன்னையே குறை சொல்லிக்கொள்ளும். தண்ணீர் வடிந்த பிறகு அவளோடு உட்கார்ந்து ஏசாயா 42-ன் கடைசிப் பகுதியையும் சேர்த்துப் படித்தேன். கொள்ளையடிக்கப்பட்ட ஜனம், குழிகளில் மாட்டிக்கொண்ட ஜனம், சுற்றிலும் நெருப்பு. அதற்கு அடுத்த வரிதான் 43-ம் அதிகாரம், "இப்போதும்" என்று தொடங்குகிறது. நனையாமல் இருப்பாய் என்று யாருக்கும் அங்கே சொல்லவில்லை. ஏற்கெனவே முழுக்க நனைந்து நிற்கிறவர்களிடம் பேசுகிற வார்த்தை அது. "இதை முதல்லயே அனுப்பியிருக்கலாமே" என்றாள்.

எரேமியா 29:11-ம் அப்படித்தான். "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்... அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." இன்டர்வியூவுக்குப் போகிற பிள்ளையின் சட்டைப் பையில் இதை எழுதி வைத்து அனுப்புகிறோம். இது ஒரு கடிதத்தின் நடுவில் இருக்கிறது. கி.மு. 597-ல் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். முந்தின வசனத்திலேயே எழுபது வருஷம் என்று கணக்கு சொல்லிவிடுகிறார். முந்தின அதிகாரத்தில் அனனியா என்பவர் இரண்டே வருஷம், எல்லாரும் திரும்பிவிடுவோம் என்று கோவிலில் வைத்து அறிவித்திருந்தார். ஜனங்களுக்குப் பிடித்தது அனனியாவின் செய்தியாகத்தான் இருந்திருக்கும், அட்டையில் அச்சடிக்கவும் வசதி. எரேமியாவோ வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், அந்த ஊரின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்கிறார். நம் அட்டையில் எரேமியாவின் வசனத்தை அச்சடித்து அனனியாவின் செய்தியைப் படித்துக்கொள்கிறோமோ என்று எனக்குச் சந்தேகம்.

பணச் செலவும் கொஞ்சம் உண்டு. தினமும் இலவசமாக வசனம் வரும், மூன்றாவது மாதம் காணிக்கைக்கான வங்கிக் கணக்கு எண்ணும் சேர்ந்து வரும். கொடுப்பது உங்கள் விருப்பம், பயந்து மட்டும் கொடுக்க வேண்டாம்.

## தியான நூல்

ஒரு வசனம், ஒரு சம்பவம், ஒரு சிறு ஜெபம். குடும்ப ஜெபத்துக்கு இதைவிட வசதியான வடிவம் இல்லை. பெரியவர் வாசிப்பார், பிள்ளைகள் சம்பவத்துக்காகவாவது காது கொடுப்பார்கள், பத்து நிமிடத்தில் தட்டு வைத்துவிடலாம். படிக்கும் பழக்கமே இல்லாத வீட்டுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். காலையில் படித்ததை மதியம் சாப்பிடும்போது நினைவுகூருங்கள். சம்பவம் வரும், வசனம் வராது. தீர்க்கதரிசி பின்னால் போய், எழுதியவர் முன்னால் வந்துவிடுகிறார். அவர் எந்த வசனத்தைத் தேர்ந்தெடுக்கவே மாட்டார் என்பது உங்களுக்குத் தெரியவும் வழியில்லை. ஆமோஸ் 8-ல் அளவைக் குறைத்து, கள்ளத்தராசு வைத்து ஏழையை ஏமாற்றும் வியாபாரிகளைப் பற்றி வருகிறதே, அதை வைத்து ஒரு காலைத் தியானம் எழுதி நான் இதுவரை பார்க்கவில்லை.

## ஆலய வாசக அட்டவணை

டீச்சர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கத்தோலிக்க ஆலயங்களில் ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சி, பொதுக்காலத்தில் (பண்டிகைக் காலங்கள் போக மீதி நாட்களில்) வாரநாட்களின் முதல் வாசகம் ஈராண்டுச் சுழற்சி. கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலம் வந்தால் எசாயா நிறைய வருவார். காசு இல்லை, யாருடைய சொந்த விருப்பமும் இல்லை, பிடிக்காத பகுதியும் முறைப்படி வந்துவிடும். ராயபுரம் புனித பேதுரு ஆலயத்தில் டீச்சர் கேட்கும் அதே வாசகத்தைப் பெரம்பூர் லூர்து அன்னை ஆலயத்தில் அவர் அக்காவும் அன்று கேட்கிறார். மாலையில் இருவரும் போனில் அதைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். இந்த உடன்வாசிப்பு வேறு எந்த வழியிலும் கிடைக்காது. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளிலும் ஞாயிறு வாசகப் பட்டியல் உண்டு, நாம்தான் எடுத்துப் பார்ப்பதில்லை.

குறை ஒன்றுதான், கத்தரிக்கோல். ஞாயிறு சுழற்சியில் அபக்கூக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை வருகிறார், பொதுக்காலம் 27-ம் ஞாயிறு. முதல் அதிகாரத்தில் இரண்டு வசனம், அங்கிருந்து ஒரே தாவலில் இரண்டாம் அதிகாரத்துக்கு. நடுவில் வெட்டுப்பட்டுப் போவது என்ன என்று கீழே சொல்கிறேன். காசிமேட்டு மீனவர்களுக்கு அது பெரிய நஷ்டம்.

தினமும் பூசைக்குப் போகிறவருக்கு வேறு வழி தேட வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்ததும் அந்த அதிகாரம் முழுவதையும் ஒருமுறை திறந்து பார்த்தால் போதும்.

## ஓராண்டுத் திட்டம்

எங்கள் பைபிள் முழுவதையும் ஒரே வருடத்தில் படிப்பது: மொத்தம் 1,189 அதிகாரங்கள், நாளுக்கு மூன்றேகால். ஏசாயா முதல் மல்கியா வரை, புலம்பல் புத்தகத்தையும் சேர்த்து, 250 அதிகாரங்கள். ஆதியாகமத்தில் ஜனவரி 1-ல் தொடங்கி வரிசையாகப் போனால் ஏசாயாவுக்கு வந்து சேர்வது ஜூலைக் கடைசியில். பெரும்பாலானவர்கள் அதற்கு வெகு முன்பே, பிப்ரவரியில், லேவியராகமத்தில் பலிகளோடு பலியாகிவிடுவார்கள். நான் இரண்டு முறை அங்கே விழுந்தேன். மூன்றாம் முறை தப்பி எசேக்கியேல் 40-ல், கோவிலை முழம் முழமாக அளக்கும் இடத்தில், தூங்கிவிட்டேன்.

ஏற்கெனவே ஒருமுறையாவது பைபிளைப் படித்தவர்கள், ஓய்வுபெற்றவர்கள், மொத்தக் கதையும் எங்கே போகிறது என்று தெரிய வேண்டியவர்கள் எடுக்கலாம். தினசரி ஆறுதலுக்காக இதை எடுக்காதீர்கள். நான்கு நாள் விட்டால் பதின்மூன்று அதிகாரம் பாக்கி. அப்புறம் அது வட்டிக்கடைக்காரர் மாதிரி மேஜை மேல் உட்கார்ந்து நம்மையே பார்க்கும்.

## ஒரே சிறு புத்தகம், ஒரு மாதம்

என் ஓட்டு இதற்குத்தான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். ஒரு சின்ன தீர்க்கதரிசன நூலை எடுத்துக்கொண்டு ஒரு மாதம் அதை விட்டு வெளியே போகாமல் இருப்பது. ஆபகூக் மூன்றே அதிகாரம், 56 வசனங்கள். சத்தமாகப் படித்தாலும் கால் மணிக்குள் முடிந்துவிடும்.

எங்கள் சித்தப்பா காசிமேட்டில் விசைப்படகுக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் கடலுக்குப் போக முடியாது. வலையை மடியில் போட்டு ஊசியால் கிழிசலைப் பின்னிக்கொண்டிருப்பார், நான் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பேன். அப்படி ஒரு மே மாதம் ஆபகூக் எடுத்தோம்.

முதல் வரியிலேயே புகார்: நான் எந்தமட்டும் கூப்பிடுவேன், நீர் கேளாமலிருக்கிறீரே! கொடுமை நடக்கிறது, நியாயம் கிடைக்கவில்லை. கடவுள் பதில் சொல்கிறார், அந்தப் பதில் புகாரைவிட மோசம்: கல்தேயரை (பாபிலோன்காரர்களை) எழுப்புகிறேன், அவர்கள் வருவார்கள். ஆபகூக் விடவில்லை, இரண்டாம் முறையும் வாதாடுகிறார். அந்த வாதத்தில் மனுஷர் கடல் மீன்களைப்போல ஆகிவிட்டார்கள், எதிரி அவர்களைத் தூண்டிலால் இழுக்கிறான், வலையால் பிடிக்கிறான், பறியில் (மீன்கூடையில்) சேர்க்கிறான், பிறகு தன் வலைக்குப் பலியிட்டுத் தன் பறிக்குத் தூபம் காட்டுகிறான் என்று வருகிறது.

சித்தப்பாவின் ஊசி நின்றது. "பறின்னா போட்டிருக்கு? கட்டுமரத்துல எங்கப்பா வெச்சிருந்தாரே ஓலைப்பறி, அதுவா?" ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "நாமளும் படகுக்குச் சாம்பிராணி காட்டறோம். இவன் ஆளுங்களைப் பிடிச்சிட்டுக் காட்டறான். மீனோட எடத்துல இருந்து எழுதியிருக்கார்ம்மா அந்த ஆளு" என்றார். எந்த விளக்கவுரையிலும் எனக்குக் கிடைக்காத வாக்கியம் அது. ஞாயிறு வாசகத்தில் வெட்டுப்பட்டுப் போவது இந்த இடம்தான்.

மூன்றாம் அதிகாரக் கடைசிக்கு வரும்போது நிலைமை எதுவும் மாறியிருக்காது. அத்திமரம் துளிர்விடாமற்போனாலும், திராட்சச்செடியில் பழம் இல்லாமற்போனாலும், தொழுவத்திலே மாடு இல்லாமற்போனாலும் நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்று பாடுகிறார். இதை மட்டும் அட்டையில் பார்த்தால் ஏதோ பெரிய விசுவாச வீரர் சொன்னதுபோல் இருக்கும். முதல் அதிகாரத்திலிருந்து கூடவே நடந்து வந்தால், சண்டை போட்டுக் களைத்த ஒரு மனுஷன் சொல்வதாகக் கேட்கும். சித்தப்பா அதை மாற்றிச் சொல்லிக்கொள்வார்: "வலை காலியா வந்தாலும், ஐஸ் கரைஞ்சே போனாலும், டீசல் கடன் அப்படியே நின்னாலும்." அந்த வருடம் தடைக்காலம் முடிந்து முதல் நடை போனபோது மீன்பாடு சரியில்லை. அப்போதும் அவர் அதைச் சொன்னதால்தான் இந்த வழி தாங்கும் என்கிறேன்.

செலவுகளைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. முதல் வாரம் ஆறுதல் கிடைக்காது, எரிச்சல்தான் வரும். கல்தேயர் யார், எருசலேம் எப்போது விழுந்தது (கி.மு. 586) என்று யாராவது சொல்ல வேண்டும். தனியாகப் படித்தால் நம் இஷ்டத்துக்கு அர்த்தம் பண்ணும் ஆபத்தும் உண்டு, ஒரு துணை இருப்பது நல்லது. 1871-ல் வந்த பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் சிலருக்குக் கடினம். 1995-ல் வந்த திருவிவிலியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் பாதி சந்தேகம் தீரும். எங்கள் சபையிலேயே இதற்கு முகம் சுளிப்பவர்கள் உண்டு, நான் இரண்டையும் வைத்துத்தான் படிக்கிறேன்.

எந்தப் புத்தகம் என்று கேட்டால்: சம்பளம் வந்த மூன்றாம் நாளே கை காலியாகிறவர்களுக்கு ஆகாய், கி.மு. 520-ல் சொன்னது, இரண்டே அதிகாரம். கூலியைப் "பொத்தலான பையிலே" போடுகிறவனைப் பற்றி அதில் வரும். இ.எம்.ஐ. கட்டுகிறவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அங்கே ஆகாய் அவர்கள்மேல் பரிதாபப்படவில்லை, கோவில் பாழாய்க் கிடக்க நீங்கள் மட்டும் நல்ல வீட்டில் இருக்கிறீர்களா என்று கேட்கிறார், அதையும் சேர்த்தே வாங்கிக்கொள்ள வேண்டும். இழவு விழுந்த வீட்டுக்குப் புலம்பல். "அவைகள் காலைதோறும் புதியவைகள்" என்ற வரி ஐந்து அதிகாரங்களின் நடுவில், மூன்றாவதில் இருக்கிறது. முன்னும் பின்னும் அழுகைதான். அந்த அதிகாரம் நம் ஆத்திசூடி மாதிரி எழுத்து வரிசையில் கட்டியது, எபிரெயத்தின் 22 எழுத்துகளுக்கும் மும்மூன்று வசனம், 66. அழுகைக்கும் ஒரு வரிசை போட்டு அழுதிருக்கிறார்கள். கோபத்தில் இருப்பவருக்கு ஆமோஸ். 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து வலையும் படகும் கறுத்துக் கிடந்தபோது நாங்கள் படித்தது "நியாயம் தண்ணீரைப்போலவும், நீதி வற்றாத நதியைப்போலவும் புரண்டுவரக்கடவது". அன்று யாரும் ஆமென் சொல்லவில்லை, ஒருவர் "எந்த நதி?" என்று கேட்டார்.

## கேட்ட மூவருக்கு

டீச்சர் தம் வழியிலேயே இருக்கட்டும், அதிகாரத்தை முழுதாகத் திறந்தால் போதும். கொருக்குப்பேட்டைத் தங்கைக்கு வாட்ஸ்அப்பை விடச் சொல்லவில்லை. தினம் ஒன்று வேண்டாம், வாரத்துக்கு ஒன்றை வைத்துக்கொள், ஞாயிற்றுக்கிழமை அதற்கு முந்தின பத்து வசனத்தை மட்டும் படி என்றேன். பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்ததும் தியான நூலுக்கோ ஆகாய்க்கோ போகலாம்.

லாரித் தம்பிக்கு ஆபகூக். ஆடியோ பைபிளை வீட்டு வைஃபையில் இறக்கி வைத்துக்கொண்டு, வண்டி வரிசையில் நிற்கும்போது மட்டும் கேட்கச் சொன்னேன். ஒன்பதாம் நாள் ராத்திரி பதினொன்றரைக்கு வாய்ஸ் மெசேஜ் வந்தது, பின்னால் ஒரே ஹாரன் சத்தம். "அக்கா, ரெண்டாம் அதிகாரத்துல 'தாமதித்தாலும் அதற்குக் காத்திரு, அது நிச்சயமாய் வரும்'னு வருதே, இது துறைமுகத்து ஜீரோ கேட்டுக்குன்னே எழுதினதுதானே?"

அது தரிசனத்தைப் பற்றிச் சொன்னது, கேட்டைப் பற்றி இல்லை என்று டைப் பண்ண ஆரம்பித்தேன். அப்புறம் அழித்துவிட்டு, "மூணாவதையும் கேட்டுட்டுச் சொல்லு தம்பி" என்று மட்டும் அனுப்பினேன்.